வினாத்தாளில் ஒளிந்திருக்கும் வரி

(புதுக்கோட்டை ஜில்லாவில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு பற்றிப் பேசுவார்கள், போனஸ் பற்றிப் பேசுவார்கள், கண்மாய் மராமத்து பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருப்பீர்கள். நாங்களோ இன்று பரீட்சைத் தாளைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதென்ன, வாத்தியார்கள் சங்கத்துக் கூட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் பேச்சு முடியும்போது, இது கூலிப் பிரச்னையோடு பின்னிக் கிடக்கிற விஷயம்தான் என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு தாய். கந்தர்வகோட்டைப் பக்கம் கூட்டம் முடிந்து நாங்கள் புறப்படும் நேரத்தில், களையெடுத்துவிட்டு வந்த கோலத்திலேயே நின்றிருந்த அந்த அம்மாள் கேட்டார்: "தோழர், எம் பிள்ளை படிக்கிற எடத்துல கொஸ்டின் பேப்பருக்குன்னு காசு கேக்குறாங்க. போன தடவையை விட இப்ப கூட. ஏன்னு கேட்டா, பேப்பருக்கு ஜி.எஸ்.டி. ஏறிப்போச்சுங்கிறாங்க. பரீட்சை எழுதவும் வரி கட்டணுமா?"

பக்கத்தில் நின்ற மில் தொழிலாளி ஒருவர் குறுக்கிட்டார்: "அதெப்படி? பரீட்சைத் தாள் அடிக்க வரியே கிடையாதுன்னு பத்திரிகையில போட்டிருந்தானே!"

இருவரில் யார் சொல்வது சரி? தோழர்களே, இரண்டுமே சரி. பரீட்சைத் தாள் அச்சடிக்க வரி இல்லை. ஆனால் பரீட்சைத் தாளில் வரி இருக்கிறது. இந்தப் புதிரை இன்று நாம் அவிழ்த்துப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஜூலை 1-ந் தேதி நாடு முழுவதும் சரக்கு-சேவை வரி வந்தது. ஜி.எஸ்.டி. என்று நாம் சொல்வது அதைத்தான். சோப்பிலிருந்து சிமெண்ட் வரை, செல்போன் ரீசார்ஜிலிருந்து இன்ஜின் எண்ணெய் வரை அதன் கை படாத பொருள் அபூர்வம். அந்த வரியில் பாதி மத்திய சர்க்காருக்கு, பாதி மாநில சர்க்காருக்கு. 18 சதவிகிதம் என்றால் 9 அங்கே, 9 இங்கே.

கல்விக்குச் சில விலக்குகள் கொடுத்தார்கள். 2017 ஜூன் 28-ந் தேதி வெளியான அறிவிக்கையில், பள்ளிக்கூடம் தன் மாணவர்களுக்குச் செய்கிற சேவைக்கு வரி இல்லை என்றார்கள். பள்ளிக்கு வெளியிலிருந்து ஒருவர் செய்து கொடுக்கும் சேவைகளில் சிலவற்றுக்கும் வரி இல்லை என்றார்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்வது, சத்துணவு சமைத்துக் கொடுப்பது, காவல், துப்புரவு ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. மாணவர் சேர்க்கைக்கும் பரீட்சை நடத்துவதற்கும் வேண்டிய சேவைகளும் இருந்தன. பரீட்சைக்கான விலக்கு முதலில் மேல்நிலை வகுப்பு வரைக்கும்தான். 2018 ஜனவரியில் கல்லூரிகளுக்கும் சேர்த்து விரித்தார்கள்.

வினாத்தாள் அச்சடிப்பது பரீட்சை நடத்தும் சேவையா, அல்லது காகிதச் சரக்கு விற்பனையா? இது அச்சகக்காரர்களின் தலையைத் தின்ற கேள்வி. சரக்கு என்றால் விலக்கு கிடைக்காது. சேவை என்றால்தான் கிடைக்கும். 2017 அக்டோபர் 20-ந் தேதி ஒரு சுற்றறிக்கை வந்தது. அச்சடிக்க வேண்டிய விஷயம் வேலை கொடுப்பவருடையது, காகிதமும் மையும் அச்சகத்துடையது என்ற முறையில் புத்தகம், துண்டுப்பிரசுரம், ஆண்டறிக்கை போன்றவற்றை அச்சடித்தால் அது சேவைதான் என்று அது சொன்னது. பிறகு 2021 ஜூன் 17-ந் தேதி இன்னொரு சுற்றறிக்கை. பரீட்சை நடத்தும் மத்திய, மாநில வாரியங்களுக்குப் பரீட்சை அறிவிப்பு, அனுமதிச் சீட்டு, வினாத்தாள் ஆகியவற்றை அச்சடித்துக் கொடுப்பதற்கு வரி இல்லை என்று அது வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

ஆகவே மில் தொழிலாளித் தோழர் சொன்னது உண்மை. அச்சகக்காரர் பள்ளிக்கோ வாரியத்துக்கோ கொடுக்கும் பில்லில் ஜி.எஸ்.டி. என்ற வரி இருக்காது. இது நல்ல காரியம்தான். நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தத் தாய் கொடுத்த காசில் வரி எங்கிருந்து வந்தது?

மடையும் கடைமடையும்

விவசாயத் தோழர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கல்லணைக் கால்வாய் நம் ஜில்லாவில் அறந்தாங்கிப் பக்கம் வரை வருகிறது. மேலே இருப்பவன் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டு அடுத்த வயலுக்கு மடையைத் திறந்து விடுகிறான். அவன் அதற்கடுத்தவனுக்கு. நடுவில் ஒருவன் மடையை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் அங்கேயே தேங்கும்.

ஜி.எஸ்.டி.யும் இப்படி ஒரு மடை முறைதான். மில் தொழிலாளர்களுக்குத் தெரிந்த உதாரணமே எடுத்துக்கொள்வோம். மில் முதலாளி பஞ்சு வாங்குகிறார். 5 சதவிகிதம் வரி. நூலை விற்கிறார், அதற்கும் 5 சதவிகிதம். நூலுக்கு வசூலித்த வரியை அப்படியே சர்க்காரிடம் அவர் கட்டுகிறாரா? இல்லை. பஞ்சுக்குக் கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கட்டுகிறார். அவரிடம் நூல் வாங்கியவரும் அதையே செய்வார். இப்படி வரி ஒவ்வொரு மடையாகக் கீழே இறங்கி, கடைசியில் பனியனோ வேட்டியோ வாங்குகிற உங்கள் தலையில் வந்து நிற்கும். நடுவில் உள்ள முதலாளி எவர் மீதும் அது நிலைத்து நிற்காது. வரியைச் சர்க்காரிடம் கொண்டுபோய்க் கட்டுகிற கை அவருடையது. சுமக்கிற முதுகு நம்முடையது.

இப்போது பரீட்சைத் தாளுக்கு வாருங்கள். அச்சகக்காரர் காகிதம் வாங்குகிறார், வரி கட்டுகிறார். மை வாங்குகிறார், வரி கட்டுகிறார். இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் வாங்குகிறார், அதற்கும் வரி. வினாத்தாளை அச்சடித்துக் கொடுக்கும்போது சட்டம் சொல்கிறது: "உனக்கு விலக்கு, வரி வாங்காதே." சரி. ஆனால் அதே மூச்சில் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது: "விலக்கு பெற்ற வேலைக்காக நீ கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் கூடாது." மடை அடைபட்டது! காகிதத்துக்கும் மைக்கும் கட்டிய வரி அச்சகத்திலேயே தேங்கி நிற்கிறது. ஒரே அச்சகம் வரியுள்ள வேலையையும் விலக்குள்ள வேலையையும் சேர்த்துச் செய்தால், கணக்கைப் பிரித்துப் பார்த்துப் பரீட்சை வேலைக்குரிய பங்கை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

தேங்கிய வரியை அச்சகக்காரர் தன் பையிலிருந்தா போடுவார்? அச்சுக்கூலியில் ஏற்றுவார். அந்தக் கூலி பள்ளியின் செலவாகும். பள்ளியின் செலவு அந்தத் தாயின் முந்தானை முடிச்சில் வந்து முடியும். பில்லில் வரி இல்லை, விலையில் வரி இருக்கிறது. புதிர் அவிழ்ந்துவிட்டதா, தோழர்களே?

பள்ளியோ வாரியமோ தானே காகிதம் வாங்கிக் கொடுத்தால் தப்பிக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். தப்ப முடியாது. காகிதம் வாங்கும்போது வாரியம் வரி கட்டும். திரும்பப் பெற அதற்கும் வழி இல்லை. தேங்குகிற இடம்தான் மாறும்.

ஒரு கணக்கு

வாய்ப்பேச்சு வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பரீட்சை வேலைக்கு 10,000 ரூபாய்க்குக் காகிதமும் 2,000 ரூபாய்க்கு மையும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளங்குவதற்காக நாமே வைத்துக்கொண்ட தொகை இது. வரி விகிதம் மட்டும் சட்டத்தில் உள்ளது.

2021-இல் காகிதத்துக்கு 12 சதவிகிதம், அச்சு மைக்கும் 12 சதவிகிதம். வரி 1,440 ரூபாய்.

2022 ஜூலை 18 முதல் மைக்கு 18 சதவிகிதமாக உயர்த்தினார்கள். வரி 1,560 ரூபாய் ஆயிற்று. உறையிலிட்டு முத்திரை ஒட்டிய அரிசிக்கு 5 சதவிகிதம் போட்டதும் அதே நாளில்தான் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்களை மாற்றி அமைத்தார்கள். "வரி குறைப்புத் திருவிழா" என்று ஊரெல்லாம் பறைசாற்றினார்கள். பல பொருள்களுக்கு வரி குறைந்தது மெய். ஆனால் அச்சடிக்கும் காகிதத்துக்கு 12 சதவிகிதம் 18 சதவிகிதமாக ஏறியது! நம் கணக்கில் வரி 2,160 ரூபாய்.

1,440 எங்கே, 2,160 எங்கே? விலை ஒரு காசு ஏறாவிட்டாலும் தேங்கி நிற்கும் வரி மட்டும் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. அத்தனை ஆண்டும் சட்டப் புத்தகத்தில் "வினாத்தாள் அச்சடிக்க வரி இல்லை" என்ற வாசகம் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே இருந்தது. விலக்கு என்ற பலகையை வாசலில் தொங்கவிட்டு, கொல்லைப்புறமாக வசூல் நடத்துவது என்பது இதுதான்.

இரண்டு விதமான நியாயம்

இதே அச்சகத்தில் பக்கத்து இயந்திரத்தில் ஒரு பெரிய கம்பெனிக்கு லேபிள் அச்சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கடையில் வாங்கிய காகிதம், அதே டப்பா மை. அந்த வேலைக்கு அச்சகக்காரர் வரி போடுகிறார். தான் கட்டியதைக் கழித்துக்கொள்கிறார். கம்பெனியோ அச்சகத்துக்குக் கொடுத்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்கிறது. கடைசியில் கம்பெனியின் அச்சுச் செலவில் ஒரு பைசா வரி ஒட்டுவதில்லை. ஒட்டுவது எதில்? கூலிக்காரன் பிள்ளை எழுதும் பரீட்சைத் தாளில்! முதலாளியின் லேபிளில் ஒட்டாத வரி, நம் பிள்ளையின் வினாத்தாளில் ஒட்டிக்கொள்கிறது.

"விலக்குக் கொடுத்தால் மடை அடைபடத்தான் செய்யும். அதற்கு வேறு வழியே இல்லை" என்று வரி அதிகாரிகள் சொல்லக்கூடும். அது உண்மையல்ல. வழி இருக்கிறது. அவர்களே அதை நடத்திக் காட்டியும் இருக்கிறார்கள்.

திருப்பூரிலிருந்து பனியன் கப்பலேறுகிறது. வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்கு வரி இல்லை. அத்தோடு முடியவில்லை. அந்தப் பனியனுக்காக நூலுக்கும் சாயத்துக்கும் கட்டிய வரியையும் சர்க்கார் திருப்பிக் கொடுக்கிறது. இதற்குப் "பூஜ்ய விகிதம்" என்று பெயர். திருப்பூருக்குக் கிடைப்பது நமக்குப் பொறாமை இல்லை; நம் மில் தொழிலாளர்களின் நூலும் அங்கே போகிறது, லட்சக்கணக்கான தொழிலாளர்களின் வயிறு அங்கே நிறைகிறது. நாம் கேட்பது ஒன்றுதான். அமெரிக்காக்காரன் அணியப் போகும் பனியனிலிருந்து வரியைத் துடைத்து எடுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, ஆலங்குடிப் பிள்ளையின் வினாத்தாளிலிருந்து அதைத் துடைத்து எடுக்கத் தெரியாதா?

இன்னொன்றையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-ந் தேதி மாற்றத்தில் பள்ளி நோட்டுப் புத்தகத்துக்கு வரியை 12-இலிருந்து பூஜ்யமாக்கினார்கள். பென்சிலுக்கும் ரப்பருக்கும் தேசப்படத்துக்கும் வரியை எடுத்தார்கள். வரவேற்கிறோம். நோட்டுப் புத்தகம் செய்யப் பயன்படும் காகிதத்துக்கும் வரி இல்லை என்று ஆக்கினார்கள். கவனியுங்கள்: புத்தகத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்துக் காகிதத்துக்கு வரி போட்டால் அந்த வரி புத்தகத்தின் விலையிலேயே வந்து நிற்கும் என்பது டில்லியில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! நோட்டில் தெரிந்த நியாயம் வினாத்தாளில் தெரியாமல் போவதேன்? பாடப் புத்தகத்தில் தெரியாமல் போவதேன்? பாடப் புத்தகத்துக்கு வரி இல்லை. அதை அச்சடிக்கும் காகிதத்துக்கு 18 சதவிகிதம். பிள்ளை எழுதுகிற தாளுக்கு ஒரு சட்டம், படிக்கிற தாளுக்கு வேறொரு சட்டமா?

காகிதத்துக்கு விலக்கு என்பதோடு நின்றாலும் முழு நியாயம் கிடைத்துவிடாது. மடை ஒரு வயல் மேலே அடைபடும். காகித ஆலை தான் கட்டிய வரியைக் காகித விலையில் ஏற்றும். ஆகவே நாம் கேட்பது தெளிவாக இருக்க வேண்டும். வெறும் விலக்கு போதாது. உள்ளே ஒட்டிய வரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஏற்றுமதிக்குக் கொடுப்பதைப் போல.

விலக்குக்கு வெளியே நிற்பவர்கள்

விலக்கு என்ற அந்தச் சிறு நிழல்கூடக் கிடைக்காதவர்கள் உண்டு.

மருத்துவப் படிப்புக்கு நீட் என்ற வாசற்படியைக் கட்டிவிட்டார்கள். பள்ளிப் படிப்பு மட்டும் போதாது, தனிப் பயிற்சி வேண்டும் என்ற நிலைமையை உண்டாக்கினார்கள். அந்தத் தனிப் பயிற்சி நிலையங்கள் சட்டத்தின் கண்ணில் கல்வி நிறுவனம் அல்ல. கட்டணத்துக்கு 18 சதவிகிதம் வரி. 10,000 ரூபாய் கட்டணம் என்றால் 1,800 ரூபாய் வரி. அங்கே நடக்கும் மாதிரிப் பரீட்சைக்கு அச்சடிக்கும் தாளுக்கும் விலக்கு இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவிகித ஒதுக்கீடு 2020-இல் கிடைத்தது; அது மக்கள் குரலின் வெற்றி. ஆனால் அந்த இடத்துக்குப் போட்டியிட நிலபுலன் இல்லாதவன் பிள்ளை தனிப் பயிற்சிக்குப் போனால், அவன் கடன் வாங்கிக் கட்டும் பணத்திலும் சர்க்கார் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

கல்லூரி நுழைவுத் தேர்வு நடத்தும் சர்க்கார் அமைப்புகளையும் கல்வி நிறுவனமாகக் கருதலாம் என்று 2023 பிப்ரவரி 28-ந் தேதி அறிவிக்கை வந்தது. அதன் வாசகம் நுழைவுத் தேர்வைப் பற்றித்தான் பேசுகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் பரீட்சையைப் பற்றி அதில் பேச்சில்லை. படிக்கப் போகிறவனுக்கு ஒரு நிழல். படித்துவிட்டு வேலை தேடுகிறவனுக்கு அந்த நிழலும் இல்லை!

அச்சகத்துக்குள் என்ன நடக்கிறது?

நம் ஊர்களில் நாலைந்து பேர் வேலை செய்யும் அச்சாபீசுகளை உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் அடிப்பவர்கள். ஆண்டு வரவு 20 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் சேவை செய்பவர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாவிட்டாலும் காகிதக் கடையிலும் மைக் கடையிலும் வரி கட்டியே தீர வேண்டும். கழித்துக்கொள்ள வழியே கிடையாது.

பரீட்சை வேலைக்கு விலைப்புள்ளி கேட்கிறார்கள். எவன் குறைவாகச் சொல்கிறானோ அவனுக்கு வேலை. அச்சக முதலாளி உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். காகித விலையைக் குறைக்க முடியாது; அது ஆலைக்காரன் கையில். வரியைக் குறைக்க முடியாது. அது சர்க்கார் கையில். மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது என்று அவர் கையில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. என்ன அது? தொழிலாளியின் கூலி! இரவெல்லாம் கண் விழித்து இயந்திரம் ஓட்டுகிறவன், தாளை எண்ணிக் கட்டு கட்டுகிற பெண், இவர்கள் கூலியில்தான் கை வைப்பார்.

இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னோம், இது கூலிப் பிரச்னையோடு பின்னிக் கிடக்கிறது என்று. ஒரே வரி, ஒரு பக்கம் அச்சகத் தொழிலாளியின் கூலியைக் கடிக்கிறது. மறு பக்கம் களையெடுக்கும் தாயின் கூலியைக் கடிக்கிறது. செலவைச் சர்க்காரே ஏற்றுக்கொள்ளும் பள்ளிகளில் மட்டும் என்ன? கல்விக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி வரியாகக் கஜானாவுக்கே திரும்பிப் போகிறது. வகுப்பறைக்கு ஒரு பெஞ்சு குறைகிறது, ஒரு மின்விசிறி குறைகிறது.

"சில பைசாதானே?"

"ஒரு தாளுக்கு எத்தனை பைசா வரும்? இதற்குப் போய் ஒரு கூட்டமா?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் உண்டு.

தோழர்களே, உப்புக்கு வரி எத்தனை பைசா? அந்தப் பைசாவுக்காகத்தான் 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். தலைமை தாங்கி நடந்தவர் ராஜாஜி. அதே ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1939-இல், இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கால் குறையும் வருமானத்தை ஈடுகட்ட என்று காரணம் சொன்னார். அன்று சிறு விதையாக விழுந்தது. 1994-இல் சேவை வரி என்ற கிளை முளைத்தது. 2007-இல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி. 2017-இல் ஜி.எஸ்.டி. என்ற ஆலமரம். பைசா பைசாவாக வாங்குவதுதான் மறைமுக வரியின் சூட்சுமம். கேட்டு வாங்கினால் நாம் சண்டைக்கு வருவோம். விலைக்குள் ஒளித்து வாங்கினால் யாரோடு சண்டைக்குப் போவது? கடைக்காரனோடும் வாத்தியாரோடும்தான் போவோம். அந்தத் தாயும் முதலில் பள்ளிக்கூடத்தைத்தான் திட்டினார்.

"வரி இல்லாமல் சர்க்கார் எப்படி நடக்கும்? ரோடு எப்படிப் போடுவது?" இது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். வரி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யாரிடம் வாங்குவது என்றுதான் கேட்கிறோம்.

இந்த நாட்டில் பெரும் பணக்காரர் இறந்தால் வாரிசுக்குப் போகும் சொத்தின் மீது வரி இருந்தது; 1953-இல் வந்தது, 1985-இல் எடுத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கும் கோடீசுவரரின் செல்வத்தின் மீது வரி இருந்தது. 1957-இல் வந்தது, 2015-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். கம்பெனிகளின் லாபத்தின் மீது இருந்த அடிப்படை வரி விகிதத்தை 2019 செப்டம்பர் 20-ந் தேதி ஒரே நாளில் 30-இலிருந்து 22 சதவிகிதமாக இறக்கினார்கள். புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவிகிதம். அந்த முதலாளிகள் எவரும் கொளுத்தும் வெயிலில் ஊர்வலம் போகவில்லை. நாம் ஊர்வலம் போயும் காகித வரி ஏறுகிறது.

1848-இல் மார்க்சும் ஏங்கெல்சும் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கையில் பத்து உடனடி நடவடிக்கைகளைச் சொன்னார்கள். வருமானம் ஏற ஏற வரியும் ஏறும் முறை வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியில் இலவசக் கல்வி வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தது தற்செயல் அல்ல. இருக்கிறவனிடம் வாங்கினால்தான் இல்லாதவன் பிள்ளைக்குப் படிப்பு; இங்கே இல்லாதவன் பிள்ளையின் படிப்பிலேயே வரி!

இந்த மண்ணுக்கு ஓர் உரிமை உண்டு

இதைப் புதுக்கோட்டையில் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. பரீட்சை என்றால் என்ன என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் பலருடைய எதிர்ப்பையும் மீறிச் சேர்ந்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறப்பைச் சொல்லி ஒதுக்கப் பார்த்த சமுதாயத்தின் முன்னால் அவர் காட்டிய பதில், தேர்ச்சி பெற்ற ஒரு பரீட்சைத் தாள்.

1991-இல் இதே ஜில்லாவில் அறிவொளி இயக்கம் எழுந்தது. அன்று கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கும் பெண்களும் நாற்று நடும் பெண்களும் இரவு விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அன்று நடுவயதில் "அ" எழுதிய அந்தத் தாய்மார்களின் பேரப்பிள்ளைகள் இன்று பத்தாவது எழுதுகிறார்கள், பன்னிரண்டாவது எழுதுகிறார்கள். நமக்கு வயல் இல்லை, வட்டிக்கு விட்ட பணம் இல்லை. நம் பிள்ளைக்கு நாம் விட்டுப் போகக்கூடிய ஒரே ஆஸ்தி அந்தப் பரீட்சைதான். அந்த ஆஸ்தியிலும் கை வைக்கிறார்கள் என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

நாம் செய்ய வேண்டியது என்ன?

இந்த வரியைத் தீர்மானிக்கும் இடம் ஜி.எஸ்.டி. கவுன்சில். தலைவர் மத்திய நிதி மந்திரி. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒரு மந்திரி. வாக்கில் மூன்றில் ஒரு பங்கு மத்திய சர்க்காரிடம், மூன்றில் இரண்டு பங்கு எல்லா மாநிலங்களிடமும் சேர்த்து. ஒரு முடிவு நிறைவேற நாலில் மூன்று பங்கு வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். எல்லா மாநிலங்களும் ஒன்றாக நின்றாலும் மத்திய சர்க்கார் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. முதல் பொறுப்பு டில்லிக்கு. ஆனால் வரியில் பாதியை வாங்கிக்கொள்ளும் மாநில சர்க்காரும் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கையைக் கழுவ முடியாது. கவுன்சிலில் எழுந்து பேச அதற்கு வாய் இருக்கிறது, பேசட்டும்.

நம் கோரிக்கைகள் இவை:

1. வினாத்தாள், விடைத்தாள், பாடப் புத்தகம் ஆகியவற்றை அச்சடிப்பதற்குக் கட்டப்படும் வரியை ஏற்றுமதிக்குக் கொடுப்பது போல் முழுவதும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

2. அது நடக்கும் வரை, நோட்டுப் புத்தகக் காகிதத்துக்குக் கொடுத்த வரி நீக்கத்தை இந்தக் காகிதத்துக்கும் கொடுக்க வேண்டும்.

3. வேலைக்கு ஆள் எடுக்கச் சர்க்கார் நடத்தும் பரீட்சைக்கான அச்சு வேலையையும் விலக்குக்குள் சேர்க்க வேண்டும்.

4. எந்தப் பள்ளியிலும் கூலித் தொழிலாளியின் பிள்ளையிடம் வினாத்தாளுக்கென்று காசு வாங்கக் கூடாது. செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும்.

5. இதனால் குறையும் வருமானத்தைப் பெரும் செல்வத்தின் மீதும் பரம்பரைச் சொத்தின் மீதும் மீண்டும் வரி போட்டு ஈடுகட்ட வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை மகஜராக எழுதுவோம். கிராமந்தோறும், ஆலை வாசல்தோறும் கையெழுத்து வாங்குவோம். கலெக்டர் மூலம் இரண்டு சர்க்கார்களுக்கும் அனுப்புவோம். பள்ளிக்கூடத்தில் காசு கேட்டால் வாத்தியாரோடு சண்டை பிடிக்காதீர்கள். அவரும் சம்பளம் வாங்கிப் பிழைக்கும் உழைப்பாளிதான். அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அச்சகத் தொழிலாளியைக் கூப்பிடுங்கள். கூலியை நசுக்காமல் தொழில் நடத்த விரும்பும் சிறு அச்சகக்காரரையும் கூப்பிடுங்கள். இதில் அவரும் நம் பக்கம் நிற்க வேண்டியவரே.

கந்தர்வகோட்டைத் தாய் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். அம்மா, உங்கள் பிள்ளை பரீட்சை எழுத வரி கட்டத்தான் செய்கிறீர்கள். கட்டுகிறோம் என்று உங்களுக்குத் தெரியாதபடி அதை ஒளித்து வைத்திருந்தார்கள். இனி உங்களுக்குத் தெரியும். நீங்கள் களத்துமேட்டில் நாலு பேரிடம் சொல்லுங்கள். அந்த நாலு பேர் நானூறு பேரிடம் சொல்லட்டும். ஒளிந்திருக்கும் வரிக்கு உயிரே அது ஒளிந்திருப்பதில்தான் இருக்கிறது. அதை வெளிச்சத்துக்கு இழுத்துப் போடுவது நம் முதல் வேலை. மீதியை நம் ஐக்கியம் பார்த்துக்கொள்ளும்.

தொழிலாளர் விவசாயி ஒற்றுமை ஓங்குக!